இருபத்து மூன்று மதிப்பெண்

மருத்துவமனையின் அடித்தளத்தில் துணியறை. பதினேழு ஆண்டுகளாக அதன் பொறுப்பாளரைத் தலைமை மருத்துவர் முதல் காவலாளி வரை அனைவரும் 'துணியறை அக்கா' என்றே அழைத்தனர். சலவையிலிருந்து வரும் ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் எண் இடுவார். ஒன்று, புத்தம் புதியது, அறுவை அரங்குக்கு. நான்கு, பொது வார்டுக்கு. ஏழு, தரை துடைக்க. அவர் இட்ட எண்ணை எவரும் மாற்றியதில்லை.

ஊழியர்களின் வாழ்க்கைக் குறிக்கோள் உணர்வை அளப்பதென நிர்வாகம் முடிவெடுத்தது. தாளில் இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். அறுபதுக்குக் கீழே வந்தால் மூன்று நாள் பயிற்சி. மறுதேர்விலும் தேறாவிட்டால் வேறு பிரிவு. ஏழே உயர்ந்தது என்ற விளக்கம் தாளின் பின்பக்கத்தில் இருந்தது.

அக்கா பத்தொன்பது வாக்கியங்களுக்கு ஒன்று போட்டார். 'ஓய்வுக்குப் பின் செய்ய எனக்கு வேலை நிறைய உண்டு' என்பதற்கு மட்டும் வெகுநேரம் யோசித்து நான்கு. கூட்டுத்தொகை இருபத்து மூன்று. வேலைக்கே வராத மின்பணியாளர்கூட எண்பது எடுத்திருந்தார்.

பயிற்சியில் கண்ணை மூடித் தம்மைத் தேடச் சொன்னார்கள். அக்காவின் கை இடுப்பில் சாவியைத் தேடியது. அதை அரங்கு நர்ஸிடம் விட்டு வந்திருந்தார்.

"என்னை எங்க தம்பி தூக்கிப் போடுவாங்க?"

"வாசல் சீட்டு கவுன்ட்டர்னு பேச்சு," என்றார் பயிற்சியாளர்.

"அங்க உக்காந்தா நான் செத்தேன்."

இரண்டாம் நாள் நர்ஸ் தொலைபேசியில் அலறினார்: "அக்கா, டாக்டர் கத்துறாரு! பச்சைத் துணி எங்க?"

"ஏன்டி பதறுற? மூணாவது அடுக்கு, ஒண்ணாம் நம்பர் கட்டு. ஏழுல கை வச்சிடாத, அது தரைக்கு."

பயிற்சியாளர் நிமிர்ந்தார். "ஒண்ணுதான் ஒசத்தியா அக்கா?"

"பின்ன? நல்ல துணிக்கு யாராவது ஏழு போடுவாங்களா?"

மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் பயிற்சியாளர் அன்றே மறுதேர்வு வைத்தார். நூற்று முப்பத்தேழு.

நிர்வாக அதிகாரி பூரித்துப்போனார். பயிற்சியாளர் விளக்க வாயெடுத்தார், அதிகாரி கையமர்த்தினார். "ரெண்டே நாள்ல நூத்திப் பதினாலு ஏறியிருக்கு! அக்கா, இனிமே துணியறை வேணாம். கிளை கிளையாப் போய் இந்தப் பயிற்சிய நீங்களே நடத்துங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. "ஐயா, அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க. அறுபது தாண்டினா இருந்த எடத்துலயே இருக்கலாம்ல?"

"இருக்கலாம். ஆனா..."

அவர் முடிப்பதற்குள் பத்தொன்பது ஏழுகளும் மூன்றாகிவிட்டன. நான்கை மட்டும் அக்கா தொடவில்லை.

கோப்பில் உள்ள இறுதிப் பதிவு: அறுபத்தொன்று, தேர்ச்சி. மாலை சலவை வண்டி வந்தபோது முதல் விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் அவரே.