ஏழு கோணங்களில் சரிபார்க்கப்பட்டது

2023 செப்டம்பர் 23, சனிக்கிழமை. மாதத்தின் நான்காவது சனி என்பதால் வங்கிக்கு விடுமுறை. ஐந்தரைக்கு எழுந்தேன். பெஹாலாவில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் கதவில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்தேன். மேலே இருந்த ஒன்றின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்தேன். பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரவெல்லாம் மழை பெய்திருந்ததால் அது தேவையில்லாத வேலை. ஆனால் சனிக்கிழமைக்கு உரிய வேலை. காபி, செய்தித்தாள், குளியல். பிறகு கணக்கு நோட்டின் அட்டை ஓரம் நைந்திருந்ததால் புது அட்டை போட்டேன். மதியம் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். சாப்பிடும்போது மனைவி, இன்றைக்கு மார்க் தருவார்களா என்று கேட்டாள். தருவார்கள் என்றேன். 

அந்த மார்க் நாற்பதைத் தொட வேண்டும். தொட்டால்தான் துர்கா பூஜை விடுமுறைக்குப் பின் தொடங்கும் கால்குலஸ் வகுப்பில் எனக்கு இடம். ஜாதவ்பூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில், படிப்பை எப்போதோ விட்டவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் டிரிக்னாமெட்ரி சொல்லித் தருகிறார்கள். அதைத் தாண்டாமல் கால்குலஸுக்குப் போக முடியாது. வகுப்பில் எல்லோரும் இருபதைச் சுற்றி. எனக்கு ஐம்பத்து மூன்று. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவர்களும் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு வங்காளத்தில் பெயர் 'காக்கு'. சித்தப்பா.

இந்த வயதில் இது எதற்கு என்றால், காரணம் என் மகள். பெங்களூரில் இயற்பியல் படிக்கிறாள். மே மாத லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஏதோ ஒரு வளைகோட்டை வரைந்துகொண்டிருந்தாள். என்ன அது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். "கால்குலஸ் தெரிஞ்சாதான்பா சொல்ல முடியும். விடு," என்றாள். அவள் எரிந்து விழவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று இன்னும் ஒரு வருடத்தில் அவள் வாயாலேயே கேட்டுப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். செய்ததோடு நின்றிருக்கலாம். அலுவலகத்திலும், மேல்மாடியில் இருக்கும் வங்காளிப் பாட்டி மாஷிமாவிடமும், கரியாஹாட்டில் காபித்தூள் வாங்கும் தமிழ்க் கடையிலும் அறிவித்துவிட்டேன்.

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வங்கிக் கிளைகளை ஆய்வு செய்கிறவன் நான். ஒரு கிளையில் இருக்கிற எல்லாக் கோப்புகளையும் யாராலும் பார்க்க முடியாது. சிலவற்றைப் பொறுக்கி எடுப்பேன். பச்சைப் பேனாவால் டிக் போடுவேன். எடுத்தவை சரியாக இருந்தால் கிளை சரியாக இருக்கிறது என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவேன். ஒரு தேதி விட்டுப்போன அறிக்கையைக்கூடத் திருப்பி அனுப்புகிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் கெடுத்துக்கொண்டதில்லை.

வகுப்பின் மூன்றாவது வாரத்தில், ஒரு சமன்பாட்டின் இடது பக்கமும் வலது பக்கமும் எந்தக் கோணத்தைப் போட்டாலும் சமம் என்று நிரூபிக்கும் கணக்குகள் வந்தன. மற்றவர்கள் இடது பக்கத்தை எழுதி, அதை உருட்டிப் பிசைந்து வலது பக்கமாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாக இருந்தது. நான் ஸ்கேல் வைத்து ஓர் அட்டவணை வரைந்தேன். பூஜ்யம், பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு. மதிப்புகள் மனப்பாடமாகத் தெரிந்த கோணங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டு, ஒத்துப்போனதும் பச்சை டிக். தொண்ணூறில் டேன் மதிப்பே கிடையாது என்பதால் அந்த வரிசையில் 'ஆய்வின்போது ஆவணம் கிடைக்கவில்லை' என்று குறித்தேன். கீழே சுருக்கொப்பம்.

ஆசிரியை முப்பது வயதுப் பெண். என்னைத் 'தாதா', அதாவது அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, இவ்வளவு அழகான நோட்டைத் தான் பார்த்ததே இல்லை என்றும், ஆனால் இது நிரூபணம் இல்லை என்றும் சொன்னார். எந்த எண்ணும் போடாமல் இடதிலிருந்து வலதுக்கு வர வேண்டுமாம். நான் தலையாட்டினேன். இந்தப் பெண்ணுக்கு நுணுக்கம் கொஞ்சம் அதிகம் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். தேர்விலும் என் முறைப்படியே எழுதினேன்.

அந்தத் தேர்வுத்தாள்தான் இன்று கைக்கு வந்தது. முப்பத்து நான்கு.

நிரூபிக்கச் சொன்ன கணக்குகளுக்கெல்லாம் பூஜ்யம். அதை ஓரளவு எதிர்பார்த்திருந்தேன். கடைசிக் கேள்வி வேறு மாதிரி. சைன் இருபத்தைந்து எக்ஸ் என்பது எல்லாக் கோணத்துக்கும் சைன் எக்ஸுக்குச் சமமா, ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு சொல்லவும். என் ஏழு கோணங்களையும் போட்டுப் பார்த்திருந்தேன். ஏழும் பைசா பிசகாமல் ஒத்துப்போயின. ஏழு டிக். 'ஆம். சரிபார்க்கப்பட்டது.' சுருக்கொப்பம். அதன் குறுக்கே ஆசிரியை சிவப்பில் ஒரு கோடு போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாணவி தன் தாளைக் காட்டினாள். எக்ஸ் பத்து டிகிரி என்று வைத்தால் ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ், ஆகவே இல்லை. ஒரே வரி. முழு மார்க்.

வகுப்பு கலைந்ததும் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனேன். ஏழும் எப்படி ஒத்துப்போயின என்று கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடத்தோடு சிரித்தார்.

"அந்தக் கேள்வி உங்களுக்காகவே போட்டது, தாதா," என்று வங்காளத்தில் சொன்னார். "நீங்க எந்தெந்தக் கோணத்தைக் கேட்பீங்கன்னு எனக்குத் தெரியுமே."

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் எந்தக் கோப்பைக் கேட்பேன் என்று எல்லாக் கிளை மேலாளர்களுக்கும் தெரியும். பெரிய கடன்கள், மார்ச் மாத வவுச்சர்கள், லாக்கர் பதிவேடு. நான் போகும்போது அவை மேசைமேல் தூசி தட்டித் தயாராக இருக்கும். ஒழுங்கான கிளை என்று மனம் குளிர்ந்து எழுதிவிட்டு வருவேன். பத்து டிகிரிக் கோப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை கிளைகளில் அது அலமாரிக்குப் பின்னால் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்ததோ தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பலகையில், எல்லோர் முன்னாலும், ஒரே ஒரு நிரூபணம் எண் எதுவும் போடாமல் செய்துகாட்டினால் குறைகிற ஆறு மார்க்கைத் தருவதாக ஆசிரியை சொன்னார். கணக்கையும் எழுதிக் கொடுத்தார். அன்று முடியாவிட்டால் அடுத்த வருடம்தான்.

கரியாஹாட் முழுக்கப் பூஜைக்குத் துணி எடுக்கும் கூட்டம். நடைபாதையில் தொங்கும் சேலைகளுக்கிடையே தலையைக் குனிந்துகொண்டு காபித்தூள் கடைக்குப் போனேன். கடைக்காரர் தூளை அரைத்துக்கொண்டே, "என்ன சார், கால்குலஸ் ஆரம்பிச்சாச்சா?" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூஜை கழியட்டும் என்று பொதுவாகச் சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அரிசி மூட்டைல ஒரு பிடி எடுத்துப் பார்த்துட்டு மூட்டையே நல்லாருக்குன்னு வாங்கிட்டு வந்தீங்களே, அதே கதைதான்," என்றாள். அந்த மூட்டையைப் பற்றி இவ்வளவு நாள் அவள் வாயே திறந்ததில்லை. புழு இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இரவு வழக்கம்போல மகள் போனில் கூப்பிட்டாள். மனைவி முந்திக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மகள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். கணக்கைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். நானே சொல்லித் தரட்டுமா என்பாள் என்று பயந்தேன்; அவள் சொல்லவில்லை.

"அப்பா, எக்ஸ் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும்னு உனக்குக் கை பரபரக்கும். தெரிஞ்சுக்காதே. அது எக்ஸாவே இருக்கட்டும்," என்றாள். பிறகு, "முடிச்சுட்டு சொல்லு. அந்த கர்வ் என்னன்னு உனக்கு சொல்லணும்," என்றாள்.

மே மாதத்தில் அவள் 'விடு' என்றதை நான் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். இதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் கதவைத் திறக்கவில்லை; பால் பை வெளியிலேயே தொங்கியது. முதல் வேலையாக, அட்டவணை வரையாத வெற்றுத் தாளில் கணக்கின் இடது பக்கத்தை எழுதினேன். அதில் எக்ஸ் எக்ஸாகவே இருந்தது. முப்பது போட்டுப் பார்க்கலாமே என்று ஒருமுறை தோன்றியது. போடவில்லை. மூன்று இடத்தில் அடித்து, நான்கு வரியில் வலது பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். கை பச்சைப் பேனாவைத் தேடியது. டிக் போட அங்கே ஒன்றும் இல்லை.