என் இருமல்

கே.கே. நகர் கிளினிக்கில் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியதும் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை; பக்கத்தில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில், சமயநல்லூர்ப் பக்கம் எங்கள் இலங்கை அகதி முகாமில், அதிகாரி தலைக்கணக்கு எடுக்க வரும் காலைகளில்தான் அதைத் தூவுவார்கள்; தகரக் கூரைகளுக்கு நடுவே குடும்பம் குடும்பமாக வெயிலில் நிற்போம். காசநோய் என்று தெரிந்தால் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில், அம்மா முந்தானையை வாயில் அடைத்தபடி, "பிள்ளை, நீ இருமு," என்பாள். அவள் இருமலை மூட நான் உரக்க இருமுவேன்.

"புள்ளைக்கா இருமல்? சிரப் குடுங்க," என்பார் அதிகாரி.

அந்தச் சிரப்பைத்தான் அம்மா கடைசிவரை குடித்தாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இருமுறது யாரும்மா?"

"நான்தான்," என்று எழுந்து நின்றேன்.