நுரை நிற்கும் வரை

குப்பம்மாவுக்குப் புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கத் தெரியாது. அவள் பிழைப்பே அதில்தான் நின்றது.

மண்ணூர்பேட்டையில் அவள் பிறந்தபோதே சுற்றியிருந்த கழனிகளில் பாதி தொழிற்பேட்டைக்குள் போயிருந்தது. நாற்று நட்ட வீட்டுப் பெண்கள் நட்டு போல்ட்டு பொறுக்கப் போனார்கள். அவளும் போனாள். கம்பெனியைப் பூட்டியதும் அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆயாவாகச் சேர்ந்தாள். பெட்பேன் எடுத்தாள், தரை துடைத்தாள். கை சுத்தமாக இருக்கிறது என்று பிறகு கட்டுப்போடும் அறையில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அறையின் பெரிய சிஸ்டர் எந்தப் புண்ணுக்கும் பழுப்புப் பாட்டிலில் வரும் பெராக்சைடைத்தான் எடுப்பாள். ஊற்றினால் புஸ்ஸென்று வெள்ளையாகப் பொங்கும். “நுரை வந்தா உள்ளே அழுக்கு இருக்குன்னு அர்த்தம். நிக்கிற வரைக்கும் ஊத்து” என்பாள். குப்பம்மா ஊற்றினாள். அவள் கழுவிய புண்கள் ஆறின. ஆறாதவை ஆறவில்லை. அதை யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நர்சிங் ஹோமும் கைமாறிப் போனது. வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்து, கொஞ்ச நாள் பயிற்சியும் முடித்து, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் போக ஆரம்பித்தாள். அப்படித்தான் அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த அடுக்குமாடி வீட்டுக்கு, ஜஸ்டின் சாரிடம் வந்து சேர்ந்தாள்.

ஜஸ்டின் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவர். வேகத்தடையில் பைக் தூக்கிப் போட்டதில் முதுகெலும்பு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மனைவி ஆக்னஸ் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். பாதி நாள் வீட்டிலிருந்தே. ஜஸ்டின் சும்மா கிடக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடி, எதிரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். கேமராவில் முகம் மட்டும்தான் தெரியும்.

அவர் பார்க்க முடியாத பக்கத்தில், வால் எலும்பின் மேல், ஒரு படுக்கைப்புண் இருந்தது. வாரம் ஒருமுறை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவது கிருபாகரன் என்ற நர்ஸ். புண் ஆறிக்கொண்டிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி, உப்புத்தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்தான்.

“இதுல மெதுவா கழுவுங்க. வேற எதுவும் வேணாம்க்கா.”

“இத்த ஊத்தி வாய்தான் கொப்புளிக்கலாம், நைனா” என்றாள் குப்பம்மா. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

சோம்பேறிகளுக்குத்தான் உப்புத்தண்ணீர் என்பது அவள் நினைப்பு. சாப்பாட்டுப் பையில் தன்னுடைய பழுப்புப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். காலையில் ஒருமுறை, மாலையில் கிளம்பும் முன் ஒருமுறை. நுரை நிற்கும் வரை ஊற்றினாள். ஓரத்தில் ஆடை மாதிரி மெல்லியதாக ஏதாவது ஒட்டியிருந்தால் பஞ்சுத்துணியால் துடைத்து எடுத்தாள். ஜஸ்டின் ஒருநாளும் ‘ஸ்’ என்றுகூடச் சொன்னதில்லை. வலி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

புண் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் கொஞ்சம் அகன்றது.

கிருபாகரன் குழம்பிப்போனான். “அழுத்தம் விழுதோ? ராத்திரி ஒழுங்கா திருப்பிப் போடுறாங்களா?”

ராத்திரி ஆள் ஜோதிகா. ஆவடியிலிருந்து வருபவள், சின்னப் பெண், கொஞ்சம் வாய். ஆக்னஸ் குப்பம்மாவைப் பார்த்தாள். ஒருநாள் காலையில் வந்தபோது ஜோதிகா நாற்காலியில் கண்ணை மூடியிருந்ததைக் குப்பம்மா பார்த்திருந்தாள். திருப்பிப் போடுவதற்கென்று அந்தப் பெண் போனில் அலாரம் வைத்திருந்ததும் அவளுக்குத் தெரியும். அது அடிப்பதையும் காதால் கேட்டிருக்கிறாள். இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னாள்.

“இன்னாத்த சொல்றது மேடம். நான் வர்றப்போ தூங்கிகினு இருந்துது.”

அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் வேறு ஆள் வந்தது. ஜோதிகா தன் துணிப்பையை எடுக்க வந்தபோது குப்பம்மாவிடம், “நீயா சொன்ன?” என்று கேட்டாள். குப்பம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை வகுப்பும் கட்டு மாற்றும் நேரமும் ஒன்றாக விழுந்தன. “கீழே நடக்கிறது எனக்கு எங்க தெரியப்போவுது? நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா” என்று சொல்லிவிட்டு ஜஸ்டின் பாடத்தை ஆரம்பித்தார். குப்பம்மா அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள்.

“செல்லுன்னா என்னமோ ஏதோன்னு நினைக்காதீங்க. நம்ம அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்குற பட்டறை மாதிரி. சுத்தி ஒரு சவ்வு, அதான் வாசல் கேட்டு. யார் உள்ள வரணும், எது வெளிய போகணும்னு அது பாக்கும். நடுவுல உட்கரு, ஆபீஸ் ரூம். வரைபடம் எல்லாம் அங்க பூட்டியிருக்கும். தனியா ஜெனரேட்டர் இருக்கு, சரக்குப் பண்ற மெஷின் இருக்கு. ஆனா எஸ்டேட்ல எந்தப் பட்டறையாவது தானே இன்னொரு பட்டறையைப் பெத்துப் போட்டுப் பாத்திருக்கீங்களா?”

லேப்டாப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“செல்லு போடும். முதல்ல வரைபடத்த அப்படியே இன்னொரு காப்பி எடுக்கும். குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசையா நிக்கும். ரெண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். அப்புறம் இடுப்பு சுருங்கி ஒண்ணு ரெண்டாயிடும். கீழ விழுந்து முட்டி தேஞ்சா எப்படி ஆறுது? ஓரத்துல இருக்குற செல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் காணோம்னு தெரிஞ்சிடும். உடனே பிரிய ஆரம்பிக்கும். பிரிஞ்சு பிரிஞ்சு, நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வரும். ஓரத்துல மெல்லிசா பாலாடை மாதிரி வருமே, அது அழுக்கில்ல. அதான் புதுத் தோலு.”

குப்பம்மா ஏற்கெனவே ஊற்றியிருந்தாள். புண் பொங்கிக்கொண்டிருந்தது.

வர்ஷா என்ற பிள்ளை கேட்டாள். “சார், அப்ப பெராக்சைடு ஊத்தினா நுரைக்குதே, அது கிருமி சாகறதுதானே?”

“நல்ல கேள்வி. நம்ம செல்லுக்குள்ள கேட்டலேஸ்னு ஒரு நொதி இருக்கு. பெராக்சைடு பட்டு செல்லு உடைஞ்சதும் அது வெளிய கொட்டி, பெராக்சைட தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிக்குது. அந்த ஆக்சிஜன்தான் நுரை. உயிரோட இருக்குற சதையில ஊத்தினா நுரைச்சுக்கிட்டேதான் இருக்கும்.”

“கிருமி சாகாதா சார்?”

“அதுவும் கொஞ்சம் சாகும். நம்ம செல்லும் சாகும். அதுக்கு ஆள் அடையாளம் தெரியாது. தினமும் ஊத்தினா, ராத்திரி பூரா பிரிஞ்சு வந்ததைக் காலையில கொன்னுட்டு உக்காந்திருப்போம்.”

குப்பம்மாவின் இடது கையில் பாட்டில் இருந்தது, வலது கையில் பஞ்சுத்துணி. துணியில் பாலாடை ஒட்டியிருந்தது.

அவள் உப்புத்தண்ணீர் பாட்டிலின் மூடியை உடைத்து, நுரை எல்லாம் போகும் வரை புண்ணைக் கழுவினாள். கட்டுப் போட்டாள். குளியலறைக்குப் போய்ப் பழுப்புப் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கவிழ்த்தாள். கை கழுவினாள், மறுபடியும் கழுவினாள். நர்சிங் ஹோமில் தான் கழுவிய ஆறாத புண்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தன. லாரி மோதிய ஒரு சர்க்கரை நோயாளிக் கிழவரின் குதிகால். சமையல் எண்ணெய் கொட்டிய ஒருத்தியின் தொடை. எது தன் கையால், எது தானாகவே என்று இனி யாரைப் போய்க் கேட்பது? அவர்களுக்காவது வலித்தால் கத்த வாய் இருந்தது. இந்த மனுஷனுக்கு வலியே தெரியாது. தன்னை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

அன்றிலிருந்து புண் ஆறத் தொடங்கியது. நடுவில் சிவப்பாகச் சதை ஏறியது. ஓரம் இளஞ்சிவப்பாக உள்ளே நகர்ந்தது. கிருபாகரன் கையைத் தட்டினான். ஆக்னஸுக்குச் சிரித்து நாளாயிற்று, சிரித்தாள்.

“ராத்திரி ஆளை மாத்தினதும் எப்படி ஆறுது பாருங்க. நீங்க மட்டும் சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா.”

புண் ஆறும் ஒவ்வொரு நாளும் ஜோதிகாவின் பேரில் ஒரு சாட்சி சேர்ந்துகொண்டிருந்தது. ஏஜென்சியில் அந்தப் பெண்ணை எந்த வீட்டுக்கும் அனுப்பவில்லை என்று குப்பம்மா கேள்விப்பட்டாள்.

வீட்டில் புருஷன் செங்கல்வராயனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி.

“ஆறிடுச்சில்ல? அப்பால இன்னா? அந்தப் பொண்ணு சின்னது, வேற ஊடு பாத்துக்கும். நீ வாயத் தொறந்தா உன்ன எவன் கூப்புடுவான்? சும்மா கெட.”

“அது மேல பழி கீதே.”

“அது மேல கீது. உன் மேல இல்லியே.”

அதுதான் அவளுக்கு உறுத்தியது. இருந்தும் சும்மாதான் கிடந்தாள். ஆக்னஸைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரை வரும். உடனே கரண்டியையோ துணியையோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். தைரியம் வந்து ஒருநாள் சொன்னாள் என்று எழுத முடியாது. அடுத்து நடந்ததில் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆக்னஸ் சோபாவில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஏஜென்சி ஜோதிகாவை அனுப்புவதாக இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறேன் என்று அந்த வீட்டம்மா கூப்பிட்டிருந்தாள்.

“உண்மையச் சொல்லணும்னா, நாங்க நிறுத்திட்டோம்ங்க. ராத்திரி திருப்பிப் போடாம புண்ணு பெருசாயிடுச்சு. அவ போனதும்தான்…”

கஞ்சிக் கிண்ணத்தோடு போய்க்கொண்டிருந்த குப்பம்மா அதை அப்படியே தரையில் வைத்தாள்.

“மேடம், போன வெக்காதீங்க. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. புண்ணக் கெடுத்தது நான்.”

“என்னக்கா சொல்றீங்க?”

சொன்னாள். பாட்டில், நுரை, துடைத்தது, அலாரம் அடித்தது தெரிந்தும் சொல்லாமல் விட்டது எல்லாம். சுருக்கமாகத்தான் சொன்னாள், அழவில்லை. ஆக்னஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

“கிருபாகரன் வேணாம்னு சொன்னாரே! உங்கள நம்பித்தானே விட்டுட்டு வேலை பாக்குறேன்? அவருக்கு வலிக்காதுன்னு தெரிஞ்சுமா?”

“வலிக்கலன்றதாலதான் மேடம் ஊத்திட்டேன். வலிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன்.”

ஆக்னஸின் கையில் இருந்த போனிலிருந்து குரல் வந்தது. “ஹலோ? அப்போ அந்தப் பொண்ண வெச்சுக்கலாம்ங்கறீங்களா?”

ஆக்னஸ் போனைப் பார்த்தாள். “வெச்சுக்கலாம்ங்க” என்றாள். “நல்ல பொண்ணு. தப்பு எங்க பக்கம்.”

அறைக்குள்ளிருந்து ஜஸ்டின் கூப்பிட்டார். எல்லாம் கேட்டிருந்தது.

“யக்கா, அந்த சனிக்கிழமை கிளாஸ் எடுத்தப்பவுமா?”

“ஆமா சார்.”

“நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே?”

“அப்போ புண்ணு மேல நுரை இருந்துது சார்.”

அவர் ஒரு முறை சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “என்னைச் செவுத்துப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்க” என்றார். அவளைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்படிக் கேட்டார். ஆனால் திருப்புவதற்கும் அவள்தான் வேண்டியிருந்தது. தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து, தோல் இழுபடாமல் திருப்பினாள். காலுக்கு நடுவே தலையணை வைத்தாள். அவர் நன்றி சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வார்.

அவளை அனுப்பிவிடவில்லை. அவரை நோகாமல் தூக்க வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் புண்ணில் இனி கை வைக்கக் கூடாது, அதற்குக் கிருபாகரனே வருவான் என்று ஆக்னஸ் சொல்லிவிட்டாள். சரிதான் என்று குப்பம்மாவுக்கும் பட்டது. சரியென்று பட்டதால் அவமானம் குறைந்துவிடவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்று ஜோதிகாவைக் கூப்பிட்டாள்.

“சொல்லு” என்றாள் ஜோதிகா. ‘அக்கா’ என்று சேர்க்கவில்லை.

குப்பம்மா சொல்லி முடித்தாள்.

“காட்டுப்பாக்கத்துல கூப்ட்டாங்க. நாளைக்குப் போறேன். அத்தோட முடிஞ்சிடுச்சின்னு நெனச்சியா? ஏஜென்சி குரூப்புல எல்லாரும் என்ன தூங்குமூஞ்சின்னு கலாய்ச்சிகினு கீறாங்க. என் வூட்டுக்காரரு அத்தப் படிச்சிட்டு, ராத்திரி அங்க தூங்கத்தான் போனியான்னு கேட்டாரு. எனக்குத் தனியா சொல்லி இன்னா யூஸு? அங்க சொல்லு.”

“அங்க எல்லாரும் கீறாங்களேடி.”

“அதான் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டாள்.

குரூப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் குப்பம்மா வேலை கற்றுக்கொடுத்தவர்கள். எழுத அவளுக்குச் சரளம் போதாது, குரல் செய்திதான். முதல் தடவை, தெரியாமல் நடந்துவிட்டது என்று பேசினாள். கேட்டுப் பார்த்தாள். பாட்டில் விஷயம் தெரியாமல் நடந்தது. ஜோதிகா விஷயம் தெரிந்தே நடந்தது. அழித்தாள். திரும்பப் பேசினாள்:

“நான் மண்ணூர்பேட்ட குப்பம்மா பேசறேன். அயனம்பாக்கம் சாருக்குப் புண்ணு ஆறாததுக்கு ஜோதிகா காரணம் இல்ல. அது அலாரம் வெச்சி திருப்பிச்சி, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மேடத்தாண்ட சொல்லல. வேணாம்னு சொன்ன பெராக்சைட ஊத்தி புதுசா வந்த தோல நாந்தான் கொன்னேன். அந்தப் பொண்ண யாரும் இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க.”

அனுப்பினாள். இரண்டு பஸ் போயின. பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தி ‘அய்யோ’ என்றாள். ஒருத்தி, பெரியவங்களே இப்படிப் பண்ணலாமா என்றாள். ஜோதிகா பார்த்துவிட்டாள்.

அப்புறம் பூந்தமல்லியில் வேலை பார்க்கும் வேம்புலியம்மாள் குரூப்பில் போடாமல் தனியாகக் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுவென்று இருந்தது. பக்கத்தில் நோயாளி படுத்திருந்திருக்க வேண்டும்.

“யக்கா, நானும் அத்தத்தான் ஊத்திகினு கீறேன். நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?”

குப்பம்மா நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஆமாண்டி. நாந்தான் சொன்னேன்” என்றாள். “புண்ணு ஓரம் எப்பிடி கீதுன்னு மொதல்ல பாத்துச் சொல்லு. தொடைக்காத. சும்மா பாரு.”