கை களைத்ததற்குச் சாட்சி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை விடமாட்டேன் என்ற ஒரே தகுதியில், ஊர்காவற்றுறையில் ஒரு கடையில் கணினியில் மரண அறிவித்தல் தட்டுகிறேன். செத்தவரைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். மிச்சமெல்லாம் உறவுமுறை. கனடாவில் மகள், லண்டனில் மருமகன், சுவிசில் பெறாமகன் என்று, தீவில் ஒருவர் கண்ணை மூடினால் அரை உலகமும் என் விரலால் போகவேண்டும்.

போன வருடம் வலது முன்கை எரியத் தொடங்கியது. இரண்டு நாள் லீவு கேட்க ஒரு மாதம் வெட்கப்பட்டேன். கேட்டதும் முதலாளி அண்ணை சிரித்தார்.

"கிணறே வெட்டுறீர்? கதிரையில இருந்து தட்டுறதுக்கும் களைப்போ?"

கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். லீவு கிடக்கட்டும், நான் பொய்யன் இல்லை என்று ஆனால் போதும் என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான், தட்டுகிறவர்களின் தசை எவ்வளவு களைக்கிறது என்று அளக்க, கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி சின்னப் பெட்டியோடு வந்தாள்.

"அளந்து பாருங்கோ பிள்ளை. மெசின் களைப்பெண்டு சொன்னால் இவருக்கு நாலு நாள் லீவு" என்றார் முதலாளி.

அன்று சனிக்கிழமை. நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்திருந்தேன். பெட்டியிலிருந்து வயரோடு வந்த வில்லைகளை அவள் ஒட்ட, அவை கையில் நிற்காமல் வழுக்கி விழுந்தன.

"உங்களை அளக்கிறதோ பொரிக்கிறதோ, அண்ணை?"

ஸ்பிரிட்டால் மூன்று தரம் துடைத்து, முன்கையிலும் தோளிலும் ஒட்டினாள். "தசை களைக்கக் களைக்கப் பெட்டித் திரையில இந்தக் கோட்டின்ர துடிப்பு மந்தமாகும். நிப்பாட்டாமல் தட்டுங்கோ."

"என்னத்தை?"

"மனசில வாறதை."

பக்கத்தில் பொம்பிளைப்பிள்ளை நின்றால் என் மனதில் ஒன்றும் வராது. விரலுக்கோ ஒன்றுதான் தெரியும். அது மரண அறிவித்தல் தட்டத் தொடங்கியது. செத்த ஆளாக எதிரே நின்ற முதலாளி அகப்பட்டார். பிறந்த ஊர், மனைவி, பிள்ளைகள், பாரிசில் தங்கச்சி, கொழும்பில் சகலன். ஒருவரையும் விடவில்லை. அவரின் பேரப்பிள்ளைகளுக்கு வந்தபோது கை நெருப்பாய் எரிந்தது; பெட்டித் திரையில் முன்கைக் கோடு மந்தமாகியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்க்க வந்தார். தோள் கோடு எகிறியது. விலகினார், இறங்கியது. திரும்ப வந்தார், திரும்ப எகிறியது.

"முன்கை களைச்சது தட்டித்தான். தோளுக்குக் காரணம் நீங்கள், ஐயா" என்றாள் பிள்ளை. "அண்ணையின்ர கை உண்மையா நல்லாக் களைச்சுப்போச்சு."

முதலாளி என் கணினியில் தன்னுடைய சாவை வாசித்துக்கொண்டிருந்தார். நான் கதிரைக்குள் சுருங்கினேன்.

"பாரிசில இருக்கிறவளை ஏன் போட்டனீர்? அவளோட எனக்குப் பேச்சில்லை."

"தங்கச்சியெல்லோ, அண்ணை."

"அவளை அழியும்."

அவர் சொன்ன எதையும் நான் அதுவரை மறுத்ததில்லை. வில்லைகள் ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன்.

"கை ஏலாது, அண்ணை. லீவு தொடங்கிட்டுது."

என்னை எழுப்பிவிட்டு அவரே கதிரையில் இருந்துகொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அழிக்கத் தொடங்கினார். பிள்ளை மிஞ்சிய வில்லைகளை எடுத்தாள். "ஐயாவுக்கும் ஒட்டிப் பாப்பமோ?"

நாலு நாள் நன்றாகப் படுத்துவிட்டு வந்து அந்த அறிவித்தலைத் திறந்து பார்த்தேன். தங்கச்சி அப்படியே இருந்தாள். சகலனைத்தான் காணவில்லை.