பழுது போர்டுக்கு நல்ல போர்டு

திருப்பதிக்கு வெளியே டி.வி. பெட்டி செய்துகொண்டிருந்த அந்தச் சின்னக் கம்பெனி மூடப்பட்டபோது ஜெமிமாவுக்கு முப்பத்தொரு வயது. பத்து வருடமாக அங்கே டெஸ்டிங் மேசையில் இருந்தவள். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கையில் எடுத்தால் எந்த இடத்தில் உயிர் இல்லை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு வெளிநாட்டுப் பெயர் போட்ட பெட்டிகள் கடைகளில் வந்து குவிந்தன. உள்ளூர்ப் பெட்டியைச் சீந்த ஆளில்லை. தொண்ணூற்றைந்தின் கடைசியில் ஒரு சனிக்கிழமை மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் அவள் வீடு. கணவன் ஆசிர், சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். அவளோடு வேலை இழந்த இந்திராணி மறுவாரமே தேடிக்கொண்டு வந்துவிட்டாள். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சால்டரிங்கில் இந்திராணி கைக்கு நிகர் அந்தக் கம்பெனியிலேயே கிடையாது.

"அக்கா, நமக்கு வேல தெரியும். நாமே சொந்தமா பெட்டி பண்ணலாங்க்கா. ஒரு பேரு வெச்சி வித்தா போதும்."

ஜெமிமா யோசித்துப் பார்த்தாள். "அவ்ளோ பெரிய கம்பெனி பண்ணியே வாங்கறதுக்கு ஆளில்ல. நாம ரெண்டு பேரு பண்ணா மட்டும் வாங்கிடுவாங்களா? பெட்டிய வெளிநாட்டுக்காரனே விக்கட்டும். வித்த பிறகு இன்னா ஆவுதுன்னு மொதல்ல பாக்கலாம்."

பார்ப்பதற்கு அவள் போன இடம், பெரிய தெருவில் ரங்கையாவின் டி.வி. கடை. ரங்கையா வெதுருகுப்பம் பக்கத்து ஆள். அப்பா அம்மா நிலமில்லாத கூலிகள். சித்தூருக்கு மூட்டை தூக்க வந்து, மெல்ல மெல்லக் கடை வைத்தவர். அவள் போன நேரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி கெட்டு மூன்று வாரமாகிறது, அடுத்த மாதம் உலகக் கோப்பை, பிள்ளைகள் வீட்டில் உயிரை எடுக்கிறார்கள் என்பது அவர் குறை.

"போர்டு மெட்ராசுக்குப் போயிகீது சார். இன்னும் ரெண்டு வாரம்" என்று ரங்கையா தணிந்த குரலில் சொன்னார். வாத்தியார் போனதும் ஜெமிமா பக்கம் திரும்பினார். "பெட்டி விக்கறது பெரிசில்லம்மா. வித்த பெட்டி கெட்டுப்போனா நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

கடையில் வேலை ஏதும் இல்லை என்று சொல்லி அவளை அனுப்பினார். அதற்கு இரண்டு நாள் கழித்து ஜெமிமாவின் வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்தது. சிலிண்டர்க்காரர் நிறைந்ததை இறக்கி வைத்துவிட்டுக் காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் சிலிண்டரையே நிரப்பிக் கொண்டுவா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. காலி நிரம்பும்வரை யாரும் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுமில்லை. ஜெமிமா அரிசியை உலையில் போடக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ரங்கையா கடைக்கு நடந்தாள்.

"அண்ணா, கெட்ட போர்ட வாங்கினு போயி ரிப்பேர் பண்ணித் தர மாட்டேன்."

"அப்ப என்னாத்துக்கும்மா வந்த?"

"நல்ல போர்ட முன்னாடியே உங்ககிட்ட குடுத்து வெச்சிடறேன். கஸ்டமர் வந்தா அன்னிக்கே மாத்திக் குடுங்க. கெட்டத நான் எடுத்தும்போயி, சாவகாசமா சரிபண்ணி, அடுத்த ஆளுக்குக் குடுக்கறேன்."

ரங்கையா முகவாயைத் தடவினார். "யாரோ ஊட்டுப் பழசு எனக்கு எதுக்குன்னு கேப்பானே?"

"ஆறு மாசம் கேரண்டி. போர்டு மேல என் கையெழுத்தும் தேதியும் இருக்கும். அதுக்குள்ள போச்சின்னா பேச்சே இல்ல, வேற போர்டு."

"எத்தினி மாடல் பண்ணுவ?"

"மூணு. அதிகமா விக்கற மூணே மூணு. எல்லா மாடலும் பண்றேன்னு சொன்னா, கேக்கற நேரத்துல எதுவுமே கையில இருக்காது."

அந்தப் பதில்தான் அவரைப் பிடித்தது என்று ரங்கையா பின்னாளில் சொன்னார். அன்றைக்கு நேரே குடோனுக்குள் போய், வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போன பழைய போர்டுகள் பன்னிரண்டைச் சாக்குப்பையில் கட்டிக் கொண்டுவந்தார். "தூக்கினு போ. சரியாச்சின்னா கொண்டா. ஆவலன்னாலும் பர்வாலேது, பையத் திருப்பிக் குடு."

பன்னிரண்டில் ஒன்பது உயிர்பெற்றன. வாத்தியாரின் பெட்டிக்குத்தான் முதல் போர்டு போயிற்று. உலகக் கோப்பை முடிவதற்குள் ஒன்பதும் ஒன்பது வீடுகளுக்குப் போய், ஒன்பது பழுதுகள் அவள் வீட்டு மேசைக்கு வந்திருந்தன. புத்தூர், பலமனேர், சத்தியவேடு என்று மற்ற ஊர்க் கடைக்காரர்களும் கேட்டு அனுப்பினார்கள். போர்டுகள் பஸ்ஸில் பிரயாணம் செய்தன. ஆசிர் தன் பஸ்ஸில் வைத்துக்கொண்டதோடு, மற்ற வழித்தடக் கண்டக்டர்களிடமும் சொல்லிவைத்தான். காலையில் கேட்ட கடைக்கு மாலையில் போர்டு போய்விடும். கம்பெனியில் வேலை இழந்த பெண்களில் மேலும் நான்கு பேர் இந்திராணியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

அடி விழுந்தது தொண்ணூற்றெட்டு ஏப்ரலில். சித்தூர் வெயில் ஏறிய ஒரே வாரத்தில் நாற்பது போர்டுகள் திரும்பி வந்தன. ஜெமிமா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளையான கண்டன்சர் உப்பி, தலை வெடித்திருந்தது. எல்லாவற்றிலும் அதே கண்டன்சர்தான். குளிர்காலத்தில் வழக்கமான சரக்கு கிடைக்காமல், மெட்ராஸில் வேறொருவரிடம் விலை மலிவாக அவளே வாங்கிய சரக்கு அது.

"நாப்பதையும் மாத்திட்டா தீந்துச்சிக்கா" என்றாள் இந்திராணி.

"அந்தச் சரக்குல இருநூறு போட்டுகீறோம். மீதி நூத்தி அறுபது யார் யார் ஊட்லயோ வெடிக்கறதுக்குக் காத்துங்கீது."

இரண்டு நாள் கடைக்காரர்களிடம் காரணத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட்டாள். வேலூரில் ஒருவர் இதே மாதிரி போர்டு மாற்றித் தரத் தொடங்கியிருந்தார். ரங்கையா அங்கே போய்விட்டால் மற்றக் கடைக்காரர்களும் பின்னாலேயே போவார்கள். மூன்றாம் நாள் அவளே கடைக்குப் போய், நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னாள். மலிவுக்கு ஆசைப்பட்டது தான்தான் என்றும் சொன்னாள்.

"இன்னும் கெடாதது இருக்குது பாருங்க அண்ணா, அதையும் ஊடு ஊடாப் போயி மாத்தப் போறேன். கடைல எழுதி வெச்ச விலாசம் மட்டும் குடுங்க."

ரங்கையா விலாச நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கெட்டத மாத்தறது எல்லாரும் பண்ணுவான். கெடாதத மாத்தறேன்னு வர்ற ஆள நான் வேலூர்ல எங்க போயித் தேடறது?" என்றவர் கடை வேனின் சாவியை எடுத்தார். "விலாசம் வெச்சினு நீ ஊர் ஊராத் தேடினு நிப்பியா? நான் ஓட்டறேன், வா."

ஒன்பது நாள் அவரே வேன் ஓட்டினார். நாராயணவனம் தேர்வீதியில் ஒரு வீடு, வெதுருகுப்பம் பக்கம் கரும்புத் தோட்டத்து நடுவில் ஒரு வீடு என்று ஏறி இறங்கினார்கள். நன்றாக ஓடும் பெட்டியை ஏன் பிரிக்கிறீர்கள் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ரங்கையா வாசலில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் பேசிச் சமாதானப்படுத்தினார். அவர் சொந்த ஊரில் பாப்பாத்தி என்ற பெண்மணி, "தப்பு பண்ணவங்களே தேடினு வந்து சொல்றத இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லி இருவருக்கும் மோர் கொடுத்தாள். ஜெமிமா மோரைக் குடித்து முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு கடைக்காரர் ஒருவரும் அவளை விட்டுப் போகவில்லை. புதிதாக எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

பத்து வருடம் அப்படி நன்றாக ஓடியது. பிறகு தட்டை டி.வி.க்கள் வந்தன. போர்டை மாற்றுவதைவிடப் பெட்டியையே மாற்றிவிடலாம் என்ற காலம் பிறந்தது. மேசையில் வேலை குறைந்தது. இந்திராணி கவலைப்பட்டாள். ஜெமிமா இந்தத் தடவை சத்தியவேடு பஸ்ஸில் ஏறினாள். அந்தப் பக்கம் புதிய ஃபாக்டரிகள் எழும்பிக்கொண்டிருந்தன. புருஷோத்தமன் என்ற மெயின்டனன்ஸ் இன்ஜினியர் அவளைக் கேட்டிலேயே நிறுத்திவைத்துத்தான் பேசினார்.

"மெஷின் போர்டு கெட்டா வெளிநாட்டுக்கு அனுப்பறோம்மா. வர்றதுக்கு ஆறு வாரம் ஆவும்."

"அந்த ஆறு வாரமும் மெஷின் இன்னா பண்ணும் சார்?"

"சும்மா நிக்கும்."

"போர்டுக்கு நீங்க விலை குடுக்க வேணாம். மெஷின் நிக்காத இருக்கறதுக்கு மாசா மாசம் குடுங்க. ஸ்பேர் போர்டு எப்பவும் உங்க அலமாரில என் பொறுப்புல இருக்கும்."

அவர் கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். டி.வி.யைப் பழுது பார்த்தவளால் மெஷின் போர்டைத் தொட முடியுமா என்ற சந்தேகம் அவருக்குப் போக ஐந்து மாதமாயிற்று. ஜெமிமாவும் சும்மா இருக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் நோட்டுப் புத்தகம் வாங்கி, திருப்பதியில் வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ப் படித்தாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சத்தியவேட்டில் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் கட்டினாள். திறப்பு நாளில் சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபம் செய்தார். கதவைத் திறக்க ரங்கையாவைத்தான் கூப்பிட்டிருந்தாள். கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்த மனிதர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று ஜெமிமா ஒரு வாரமாக வார்த்தை தேடி வைத்திருந்தாள். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். "அண்ணா அன்னிக்கு வேன் சாவிய எடுக்கலன்னா…" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாள்.

"நல்லா கீதே" என்றார் ரங்கையா. "உன்னாலதாம்மா நான் கடைத்தெருவுல தலை நிமிந்து நடந்தேன். வித்த பெட்டிக்கு வாரம் வாரம் பொய் சொல்லினு இருந்தவன் நான். அத நிறுத்தினவ நீ. யாரு யாருக்கு நன்றி சொல்றது?"

ஐயர் சிரித்துவிட்டார். ரங்கையா கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே பதினான்கு மேசைகள் வரிசையாக இருந்தன. இந்திராணி நேராகப் போய் ஜன்னலோரத்து மேசையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள். வெளியே பந்தலில் ஆசிர் இலை போட்டுக்கொண்டிருந்தான். ஜெமிமா வாளியைத் தூக்கிக்கொண்டு போய், முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தன் கையாலேயே சாம்பார் ஊற்றினாள்.