பின்மூடியில் இருந்த பெயர்

மலைமேல் ஏரியைப் பார்த்த அந்த லாட்ஜில், தேனிலவுக்கு வந்தவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைப் பதினாறு வருடம் துவைத்தவள் அமலி. காபிக் கறை, மருதாணிக் கறை, எதுவாக இருந்தாலும் அவள் கைக்கு நிற்காது. "அமலிகிட்டக் குடுத்தாப் பழசும் புதுசாயிரும்" என்று மேனேஜர் விருந்தாளிகளிடம் சொல்வார். அதைக் கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கர்வப்பட்டுக்கொள்ள அவளிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

புருஷன் ஒரு காபி எஸ்டேட்டில் நிழல்மரத்துக் கிளை வெட்டும்போது விழுந்து செத்தவன். எஸ்டேட்டில் ஒரு கோடித் துணியும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார்கள். இழப்பீடு என்று ஒரு சட்டம் இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் எஸ்டேட் சம்பளம் வாங்குகிறவர்கள். அவள் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில், ஒரு பசுமாட்டையும் ஒரு மகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். மகள் பெயர் லூர்துசெல்வி. பத்தாவது வரை மிஷன் பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

எண்பத்தாறாம் வருடம் செல்விக்குச் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் மரியஜோசப், அரிசி ஆலையில் கிளார்க். அவனுடைய அப்பா ஆரோக்கியதாஸ் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். அமலி வீட்டு முக்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்தார்.

"வரதட்சணையா? சேச்சே, அந்தப் பேச்சே வேண்டாமுங்க. நாம என்ன அப்படிப்பட்டவங்களா?" டம்ளரைக் கீழே வைத்தார். "பையனுக்கு ஒரு வாட்ச்சு மட்டும் போட்டுடுங்க. ஃபாரின் வாட்ச்சு. அது வரதட்சணையில சேராதுங்க. மரியாதை."

எந்தக் கம்பெனி என்பதையும் சொன்னார். அவள் மறந்துவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

அந்த மரியாதைக்குக் கடையில் ஆறாயிரத்துச் சொச்சம் விலை. அமலியின் மாதச் சம்பளம் இருநூற்று இருபது. பெண்ணைப் பெற்ற குற்றத்துக்கு இருபத்தெட்டு மாதம் சோறு தண்ணியில்லாமல் கிடந்தால், ஒருவன் மணி பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்கிறவனுக்குக் கூசவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கும் கூசவில்லை. "ஒரே ஒரு வாட்ச்சுதானே, நல்ல எடம்" என்றார்கள்.

மஞ்சக்குட்டையில் வெங்கடாசலம் என்று, எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ரைட்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் அதே கம்பெனி வாட்ச் ஒன்று விலைக்கு இருப்பதாக மேனேஜர் சொன்னார். அமலி மறுநாளே ஜீப் ஏறிப் போனாள். ரைட்டர் பீரோவிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். தங்க முலாம் பூசிய வாட்ச். பின்மூடியில் இங்கிலீஷில் ஏதோ வெட்டியிருந்தது.

"எஸ்டேட்டை வித்துப்போட்டுச் சீமைக்குப் போறப்பத் துரை கையில இருந்து கழட்டிக் குடுத்தது. பாரு, பின்னாடி அவரு பேரு. இதுக்கு இதுதாம்மா பத்திரம்."

"பழசுங்களே ரைட்டருங்க."

"பழசு பழசுன்னு நெனைக்காதே. இந்தக் கம்பெனி வாட்ச்சு நெலமாட்டம். வெல எறங்காது. பத்து வருசங் கழிச்சுக் கொண்டுபோனாலும் குடுத்த காசு கெடைக்கும்."

"நெசமாத்தானுங்களா?"

"நான் என்ன யாவாரியா? கண்ணு ஆபரேசனுக்குப் பணம் வேணும், அதான் குடுக்கறேன். இல்லாட்டிக் கலெக்டரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

அமலி வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தாள். அவள் மனதில் வேறொரு யோசனை ஓடியது. நகை போட்டால் உருக்கித் தின்றுவிடுவார்கள். ரொக்கம் கொடுத்தால் ஒரு மாதத்தில் கரைந்துவிடும். இது விலை இறங்காத சாமான். மகளுடைய வீட்டிலேயே, கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

"நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா, இதை வித்தாக் காசாகுமுங்களா?"

"அவ புருசன் கையில கட்டியிருக்கறதை அவ எப்படிம்மா விப்பா?" என்று ரைட்டர் சிரித்தார்.

அமலியும் சிரித்தாள். அந்தக் கேள்வியிலேயே அவள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பதினொரு வருடச் சேமிப்பும் காதுத் தோடும் சேர்ந்து இரண்டாயிரத்து எண்ணூறு ஆயின. ரைட்டர் எண்ணக்கூட இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி பின்மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள். "ஹெச். டபிள்யூ. பார்லோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொண்ணு."

அமலி அன்று இரவு தூங்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போடுகிற சாமான் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பழசு என்று தெரிந்தால் சம்பந்தி என்ன சொல்வார்? மறுநாள் லாட்ஜ் தச்சரிடம் நைசான உப்புத்தாள் இரண்டு கேட்டு வாங்கினாள்.

"அம்மா, அழிக்காதே. அதுதான் பத்திரம்னாரு ரைட்டரு."

"பத்திரம் நமக்குக் கண்ணு. அவங்களுக்கு வாட்ச்சு புதுசா இருக்கோணும். எவனோ ஒருத்தன் பேரைக் கையில கட்டிக்கிட்டு உம் புருசன் கோயிலுக்குப் போவானா?"

மூன்று நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து தேய்த்தாள். முதல் நாள் ஆண்டு போயிற்று. இரண்டாம் நாள் பாதிப் பெயர். மூன்றாம் நாள் புளியைத் துணியில் தொட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல், லாட்ஜின் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே பதத்தில் விளிம்பெல்லாம் துடைத்தாள். வாட்ச் கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தது. விளிம்பில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்ததை அவள் பளபளப்பு என்றே நினைத்தாள்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் ஆரோக்கியதாஸ் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பில்லு எங்கீங்க?"

"கப்பல்ல வந்த சரக்குங்க. பில்லு தரலீங்க."

வாழ்க்கையில் அமலி கோயில் வாசலில் சொன்ன முதல் பொய் அது. அந்தக் காலத்து ஃபாரின் சாமான் பாதி அப்படித்தான் வந்தது என்பதால், விவரம் தெரிந்தவர் போல அவர் தலையாட்டிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ஆரோக்கியதாஸ் மலையேறி வந்தார். பின்னால் செல்வி, கையில் தகரப்பெட்டி. அவர் வாசற்படி ஏறவில்லை.

"ஏனுங்க, எங்களையெல்லாம் கேனப்பயலுகன்னு நெனைச்சீங்களா?"

"என்னாச்சுங்க சம்பந்தி? உள்ள வாங்க."

"உள்ள என்ன வர்றது? வாட்ச்சு பத்து நிமிசம் பிந்துதுன்னு பையன் கடையில குடுத்திருக்கான். கழட்டிப் பாத்தவன் முப்பத்தஞ்சு வருசத்துச் சாமான்கறான். பேரை வேற தேச்சு அழிச்சிருக்காம். திருட்டு மாலான்னு எம் பையனைக் கடை நெறைய ஆளுங்களுக்கு முன்னாடி கேக்கறான்."

"திருடலீங்க. சத்தியமாத் திருடலீங்க. மஞ்சக்குட்டை ரைட்டர்கிட்டக் காசு குடுத்து வாங்கினதுங்க."

"அப்பப் பேரை எதுக்கு அழிச்சீங்க?"

உங்களுக்குப் பயந்துதான் அழித்தேன் என்பது பதில். அதைச் சொல்லும் நாக்கை அவளுக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

"எவனோ செத்தவன் கையில கெடந்ததை எம் மவன் கையில கட்டி உட்டிருக்கீங்க. குடும்பம் வெளங்குமா?"

செத்த அப்பன் கட்டிய வீட்டில்தான் அவர் குடியிருக்கிறார். செத்த சித்தப்பன் எழுதி வைத்த நிலத்து நெல்லைத்தான் தின்கிறார். அதிலெல்லாம் சாவு ஒட்டவில்லை. ஒரு ஏழை கொடுத்த வாட்ச்சில்தான் ஒட்டியது.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "ஏனுங்க பெரியவரே, உங்க மவன் வாட்ச்சைக் கட்டிக்கிட்டானா, பொண்ணைக் கட்டிக்கிட்டானா?"

"நீ சும்மா இரும்மா" என்றார் அவர். வாட்ச்சைப் படியில் வைத்தார். "புது வாட்ச்சு, கடைப் பில்லோட. கொண்டாங்க, ஏத்துக்கறோம். நாங்க என்ன பொண்ணை வேண்டாம்னா சொல்றோம்?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவும் மகளும் சேலத்துக்கு இறங்கினார்கள். கடைவீதிக்குள் ஒரு சந்தில் பழைய வாட்ச் வாங்கி விற்கும் பாலசுப்பிரமணியத்தின் கடை. அவர் கண்ணில் குழாய்க் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மெசினு நொம்ப அருமைங்க. இந்த மாதிரி இப்பக் கெடைக்கறதே இல்லை." பிறகு மூடியைத் திருப்பினார். "எந்த மடையன் இதைத் தேச்சது?"

செல்வி அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தானுங்க" என்றாள் அமலி.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க? துரை பேரு வெட்டுனதுக்குன்னே தேடி வர்ற ஆளுங்க இருக்காங்க. அப்படியே கொண்டாந்திருந்தா நானே மூவாயிரத்து ஐந்நூறு குடுத்திருப்பேன். இப்ப முலாமும் போச்சு, பேரும் போச்சு. எண்ணூறு."

"வெல எறங்காதுன்னாங்களே."

"எறங்காதும்மா. தேய்க்காம இருந்தா."

"ரைட்டர்கிட்டக் கடுதாசி எழுதி வாங்கியாரட்டுங்களா?"

"மூடியில பேரு இருந்தா அந்தக் கடுதாசிக்கு மதிப்பு. இதுக்கு எழுதி என்ன பண்றது? போலீசு கேட்டா எம் மேலதான் கை வைப்பான்."

டீ வந்தது. அமலி குடிக்கவில்லை. எண்ணூறை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் செல்வி அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, நானும் லாட்ஜுக்கு வர்றேன். ரெண்டு பேரும் துவைச்சாப் பொழைச்சுக்கலாம். இன்னொரு வாட்ச்சு வேண்டாம்மா. இதைக் குடுத்தா அடுத்து வண்டி கேப்பாங்க."

"உம் புருசன் என்ன சொன்னான் கண்ணு?"

"ஒண்ணுஞ் சொல்லல. கடையில இருந்து வந்தாரு, கழட்டி மேசை மேல வெச்சாரு, சாப்பிட உக்காந்தாரு. நான்தான் சோறு போட்டேன்."

மகள் சொல்வது சரி என்று அமலிக்குத் தெரியும். துணி பிழிந்து காய்த்துப்போன அந்தக் கைகளுக்கு இன்னும் ஒருத்திக்குச் சோறு போடும் தெம்பும் இருந்தது. ஆனால் திருப்பலிக்குப் போகும்போது பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காரப்போகிற பெண்கள் இருந்தார்கள். "வாட்ச்சுல ஏமாத்துனாளாமா, அனுப்பிட்டாங்களாமா" என்ற குசுகுசுப்பு இருந்தது. வாழாமல் வந்த பெண் என்ற பட்டம் இருந்தது. ஒரு திருடனைப் பார்த்துக்கூட இந்த ஊர் இவ்வளவு முகம் சுளித்ததில்லை. அந்தப் பயம் அவள் பெற்ற பிள்ளையை விடப் பெரிதாக அவளுக்குள் வளர்க்கப்பட்டிருந்தது. வளர்த்தவர்கள் நாம்தான்.

"பொண்ணுன்னாப் பொறுத்துத்தான் போகோணும் கண்ணு" என்றாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாடு போயிற்று. புருஷனின் குழிமேட்டுக்குச் சிமெண்டு கட்டச் சேர்த்த தபால் ஆபீஸ் பணம் போயிற்று. மீதிக்கு லாட்ஜ் முதலாளியிடம் ஒரு வருடச் சம்பளத்தை முன்பணமாக வாங்கிக் கைநாட்டு வைத்தாள். சேலத்துப் பெரிய கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வாட்ச்சை எடுத்து வைத்த விற்பனைப் பையனிடம் கேட்டாள்:

"இதைத் திருப்பிக் கொண்டாந்தா என்ன தருவீங்க தம்பி?"

"திருப்பியா? படியை எறங்குனதுமே பாதிதாம்மா."

அமலி கொஞ்ச நேரம் அந்தப் படியைப் பார்த்தாள். பிறகு பணத்தை எடுத்து வைத்தாள்.

ஆரோக்கியதாஸ் வீட்டு வாசலில் இருவரும் நின்றார்கள். அவர் முதலில் பில்லை வாங்கி வெளிச்சத்தில் படித்தார். பெட்டியைத் திறந்தார். வாட்ச்சைத் திருப்பிப் பின்மூடியை விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"ம். உள்ள போம்மா."

செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். உள்ளேயிருந்து மரியஜோசப் வந்தான். மனைவிக்கு வழி விட்டு ஒதுங்கி, அப்பாவிடம் இடது கையை நீட்டினான். அவர் வாட்ச்சைக் கட்டிவிட்டார். அவன் கையைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டான்.

ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள் என்று அமலி நின்றாள்.

"அப்பப் பாத்துப் போங்க. மலை பஸ்ஸு கெளம்பிரும்" என்றார் ஆரோக்கியதாஸ்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "வந்துட்டியா? அந்த ஏனமெல்லாம் அப்படியே கெடக்கு, கழுவிப் போடு."

பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வளையல் சத்தம். அமலியின் கால் ஒரு தடவை படியை நோக்கி எழுந்தது. "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மகள் கூப்பிடுவாள் என்று தெருமுனை வரைக்கும் காது கொடுத்துக்கொண்டே மெதுவாகப் போனாள்.

செல்வி கூப்பிடவில்லை.