மஞ்சள் பூசிய சர்வே கல்

பிள்ளைகளே, உங்கள் பள்ளிப் புத்தகங்களின் முன்பக்கத்தில் அரசியலமைப்பின் முகவுரை அச்சாகியிருக்கும். அதைப் புரட்டிவிட்டு நேராகப் பாடத்துக்குப் போய்விடுவீர்கள். தப்பில்லை. எங்கள் தாசில்தாரும் அப்படித்தான் படித்திருக்கிறார்.

அந்தச் சட்டம் நம் வேர்க்கடலைக் கொல்லைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்த வரைக்கும்தான் சொல்வேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சர்வேயர் வந்து, நம் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார். நிலத்தை மறுபடி அளக்கிறார்கள், நல்லதுதானே என்று நினைத்தோம். மறுநாள் உங்கள் அம்மா மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். கையோடு அந்தக் கல்லுக்கும் வைத்தாள். புதிதாக எது வந்தாலும் வைப்பதுதானே நம் வழக்கம்? நான் தேங்காய் உடைத்தேன். அந்தப் பக்கம் ஜீப்பில் வந்த தாசில்தார், "அப்படியே நில்லுய்யா, ஒரு போட்டோ" என்றார். நானும் மடையன் மாதிரிப் பல்லைக் காட்டினேன்.

பத்து நாள் கழித்து அதே ஜீப், பின்னால் ஒரு ஜேசிபி. கல்லுக்கு அந்தப் பக்கமெல்லாம் புது ரோட்டுக்காம், கிணற்றோடு சேர்த்து.

"சார், நோட்டீஸ் ஒண்ணும் வரலியே?"

"நோட்டீஸ் எதுக்குய்யா? நீயே கல்லுக்குத் தேங்கா ஒடச்சிக்கீற. ஒத்துகினன்னுதானே அர்த்தம்?"

"எந்தக் கல்லுக்கும் அப்படித்தான் சார் பண்றது."

"மேலேர்ந்து போன்ல சொல்லிட்டாங்க. அதான் சட்டம். நகரு."

போனில் வந்த சட்டம்! உங்கள் அம்மா ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றாள். "கடலை புடுங்க இன்னும் இருவது நாள் கீது. வண்டிய திருப்பு." அவள் முகத்தைப் பார்த்த டிரைவர் வண்டியை அணைத்துவிட்டான். "நாளைக்கு போலீசோட வரேன்" என்று தாசில்தார் ஏறிப் போனார். நாம் ஆந்திர எல்லைக்காரர்கள் ஆச்சே, நான் வக்கீலைத் தேடித் திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

வக்கீல் நம் ஊர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசுகிறவர். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சர்க்கார் நட்ட கல்லுக்குப் பூஜையா? உனக்கு வேற சாமியே கெடைக்கலியாய்யா?"

ஹைகோர்ட்டில் அன்றே மனு போட்டு, மறுநாள் போலீஸ் வருவதற்குள் தடை வாங்கிவிட்டார். பிறகு விசாரணை வீடியோவில் நடந்தது. அதை அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்தேன். இங்கிலீஷில் நடந்ததை அவர்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்ததாம், அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அதிகாரியின் உத்தரவும் சட்டம் மாதிரிதானாம். சம்மதத்துக்குச் சாட்சி? என் இளிப்பு. போட்டோவைத் தூக்கிக் காட்டினார்.

நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. சொத்துரிமையை ஒரு அறையிலிருந்து எடுத்து இன்னொரு அறையில் வைத்திருக்கிறார்கள், வீட்டை விட்டு வெளியே எறியவில்லை. அதிகாரி வாயால் சொல்வதும் சட்டம் என்றால், அந்த வரியை எழுதியதே வீண். யாரைத் தடுக்க எழுதினார்களோ, அவர் கையிலேயே சாவியைக் கொடுத்ததாகிவிடும்."

பிறகு போட்டோவை உற்றுப் பார்த்தார். "மோட்டாருக்கும் பொட்டு வைத்திருக்கிறதே. அதையும் சர்க்காருக்குக் கொடுத்துவிட்டார்களா?"

சர்க்கார் வக்கீல் காகிதங்களில் எதையோ தேட ஆரம்பித்தார். பாவம், இன்னும் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

ரோடு வேண்டுமென்றால் நோட்டீஸ் கொடு, ஆட்சேபணையைக் கேள், உரிய விலையைக் கொடு, அதற்கப்புறம் எடு. அது வரைக்கும் நிலத்தைத் தொடாதே, கல்லைப் பிடுங்கு என்று தீர்ப்பு. நிலம் என்றைக்கும் நமக்கே என்று அவர் சொல்லவில்லை. ஊரில் சிலர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், நம்பாதீர்கள்.

கல்லைப் பிடுங்க தாசில்தாரே வந்தார். உங்கள் அம்மா வரப்பிலேயே மறித்தாள். "சாமி கல்லு சார். நீங்களே போட்டோ புடிச்சிகினு போனீங்களே? செருப்ப கழட்டிட்டு வாங்க." மனிதர் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு சேற்றில் இறங்கினார்.

போன வாரம் நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணை சொல்ல நாள் கொடுத்திருக்கிறார்கள். கிணறு போனால் கொல்லையே போச்சு என்று நான் எழுதி முடித்தேன். அந்தக் காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்க உங்கள் அம்மா கிண்ணத்தோடு வந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.